அவர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று எழுதியவன்

பத்து வருடம் சினிமா விமர்சனம் எழுதியவன் நான். அதில் கடைசி ஐந்து வருடம் ஒரு படத்தைக்கூடப் பார்க்காமல் எழுதினேன். இதை இப்போது சொல்வதற்கு, திடீரென்று நேர்மை பொங்கி வழிந்தது காரணம் அல்ல. மாட்டிக்கொண்டேன், அவ்வளவுதான். மாட்டிவிட்டவன் என் நண்பன். பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிற ஒரே நண்பன். மற்றவர்களெல்லாம் என் ஜோக்குகளைக் கேட்டுக் கேட்டு வேறு பேட்டைக்குக் குடிபோய்விட்டார்கள்.

பத்திரிகை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாளிதழுக்குள் செருகி இலவசமாக வந்து விழுகிற எட்டுப் பக்க ஏரியாப் பேப்பர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுக்கும் சேர்த்து ஒன்று. முதல் பக்கத்தில் குடிதண்ணீர்க் குழாய் உடைந்த செய்தி, கடைசிப் பக்கத்தில் மெத்தைக் கடைத் தள்ளுபடி, ஆறாம் பக்கத்தில் நான். பெரும்பாலான வீடுகளில் அதைப் படிப்பதைவிட அலமாரித் தட்டில் விரிப்பதுதான் அதிகம். ஒரு உறவினர் வீட்டுச் சமையலறையில், எண்ணெய்த் தூக்குக்கு அடியில், என் புகைப்படம் என்னைப் பார்த்துச் சிரித்தது. நெற்றியில் வட்டமாக எண்ணெய்க் கறை. எனக்குக் கிடைத்த ஒரே பொட்டு அதுதான்.

பேப்பரை நடத்துகிறவர் கரையான்சாவடியில் அச்சகம் வைத்திருப்பவர். ஆவடிப் பக்கம் இந்திப் படம் பார்க்கிற கூட்டம் நிறைய இருக்கிறது, அதற்கும் ஒரு விமர்சனம் போட வேண்டும் என்று ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அவருக்குத் தோன்றிவிட்டது. அதுவரை நான் எழுதியது தமிழ்ப் படங்களுக்கு. நீ குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன்தானே, இந்தி வருமா என்று கேட்டார். வரும் என்றேன். இந்திப் பரீட்சையின் முதல் படியில் மூன்று முறை காலை வைத்து, மூன்று முறையும் வழுக்கியவன் நான். வரும் என்று சொன்னதில் அரைப் பங்கு உண்மை இருந்தது. எனக்கு வராது, என் நண்பனுக்கு வரும்.

நாங்கள் இரண்டு பேரும் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் ஒரே வரிசையில் வளர்ந்தவர்கள். என் அப்பா வேலூர்க்காரர், அவன் அப்பா திருநெல்வேலிக்காரர். அவன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் கான்பூரிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம். அந்த வீட்டில் எங்கள் வயதில் ஒரு பெண். பள்ளிக்கூடம் ஐந்து வருடத்தில் கற்றுத் தர முடியாத இந்தியை அவன் அந்தப் பெண்ணுக்காக ஒரே வருடத்தில் கற்றுக்கொண்டான். பிறகு அந்தக் குடும்பம் மாற்றலில் போய்விட்டது. இந்தி மட்டும் அவனிடம் தங்கிவிட்டது.

எங்கள் ஏற்பாடு இப்படி. புதுப் படம் வெள்ளிக்கிழமை வெளியாகும். பேப்பரில் ஆறாம் பக்கத்தை அதே வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் அங்கிருந்து நகர முடியாது. நண்பன் அண்ணனூரில் மின்சார ரயில் ஷெட்டில் வேலை செய்கிறான். அவனுக்கு வார விடுமுறையே வெள்ளிதான். அவன் ஆவடி தியேட்டரில் காலைக் காட்சிக்குப் போவான். பதினொன்றேகாலுக்கு இடைவேளை, எனக்கு அது டீ நேரம். போன் செய்து முதல் பாதியைச் சொல்வான். பன்னிரண்டே முக்காலுக்குப் படம் முடியும், எனக்குச் சாப்பாட்டு நேரம். மீதியைச் சொல்வான். நான் கேன்டீனில் சாம்பாருக்கும் மோருக்கும் நடுவில் போனிலேயே தட்டி அனுப்பிவிடுவேன். ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி, பின்னணி இசை நெஞ்சை அள்ளுகிறது என்று நான் எழுதியதெல்லாம் ரசம் பிசைந்துகொண்டே எழுதியது.

என் வேலை தரப் பரிசோதனை. போல்ட்டுகளை அளவுக் கருவியில் விட்டுப் பார்த்து, சரியானதை ஒரு பக்கமும் சரியில்லாததை மறு பக்கமும் போட வேண்டும். பார்க்காமல் எதையும் பாஸ் செய்யாதே என்று என் மேசைக்கு மேலே பெரிய எழுத்தில் பலகை மாட்டியிருக்கிறது. அந்தப் பலகைக்கு அடியில் நின்றுதான் ஐந்து வருடமும் அவனுடைய இடைவேளைப் போனை எடுத்தேன்.

விமர்சனத்துக்குக் கீழே என் பெயர் மட்டும்தான் வரும். அவன் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் போடலாமா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது ஒரு காதல் படம். வடக்கே ஏதோ ஒரு ஊரில் இரண்டு கரும்பாலைக் குடும்பங்கள். இரண்டு தலைமுறைப் பகை. ஒரு வீட்டுப் பையன், மறு வீட்டுப் பெண். இடைவேளையில் போன் செய்தபோது நன்றாகத்தான் பேசினான். பாட்டு நன்றாக இருக்கிறது, பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயம் பண்ணப்போகிறார்கள், அங்கே இடைவேளை விட்டார்கள் என்றான். முன் வரிசையில் ஒரு பட்டாளத்துக்காரர் இப்போதே மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டதையும் சொன்னான். அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது போன் பத்து நிமிடம் தாமதமாக வந்தது. குரல் கம்மியிருந்தது. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"கிளைமாக்ஸ் இன்னா மாமே, சீக்கிரம் சொல்லு, மோரு ஊத்திட்டாங்க" என்றேன்.

"சேந்துட்டாங்க."

"எப்படி?"

"பையன் ஒரு லெட்டர் எழுதி ஃப்ரெண்டு கையில குடுத்தனுப்பறான். அவன் போய் குடுத்துட்டான். அவ படிச்சிட்டு சிரிச்சா."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா, ஊரே கூடி கல்யாணம் பண்ணி வெக்கிது. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். அதுவும் எப்படி. கண்ணீர் விட வைத்துவிடுவார்களோ என்று பயந்து போனவர்களுக்கு இயக்குநர் கல்யாணச் சாப்பாடு போட்டு வெற்றிலை பாக்கும் கொடுத்து அனுப்புகிறார். குடும்பத்தோடு, குறிப்பாக மாமியாரோடு பார்க்க வேண்டிய படம். கடைசி வரியை எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன்.

என் வாசகர்கள் எல்லோரும் என்னை அலமாரியில் விரிப்பவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். என் மாமியார். வெள்ளானூரில் நெல் விளைந்த காலத்திலிருந்து அங்கேயே இருக்கிற குடும்பம். அவர் அதுவரை இந்திப் படம் பார்த்ததே இல்லை. மாப்பிள்ளை மாமியாரோடு பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறார் என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே என் மனைவியை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் வீட்டில் படுத்துத் தூங்கினேன்.

மாலையில் இரண்டு பேரும் திரும்பி வந்தபோது கண்கள் வீங்கியிருந்தன. ஏதோ சாவு வீட்டுக்குப் போய்விட்டு வருகிறார்களோ என்று பதறி எழுந்தேன். மனைவி நேராகச் சமையலறைக்குப் போய்விட்டாள். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா மாப்ளே, கல்யாணம் நடக்குதுன்னு எழுதிகீறீங்க. நான் பட்டுப்பொடவ கட்டிகினு போனேன். அங்க ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சி கொள்ளி வெக்கிறான்."

நான் சிரிக்க முயன்றேன். அவர் அழுதார்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "நீங்க படம் பாக்கவே இல்ல, இல்ல?" கேள்வி மாதிரி இருந்தாலும் அது கேள்வி அல்ல. ஐந்து வருடமாக வெள்ளிக்கிழமைகளில் முதல் காட்சிக்குப் பர்மிஷன் வாங்கிப் போகிறேன் என்று அவளிடமும் சொல்லி வைத்திருந்தேன். அன்று அவள் போட்ட காபியில் சர்க்கரை இல்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

அப்போதுதான் வாழ்க்கையில் முதல்முறையாக மற்றவர்களுடைய விமர்சனங்களை உட்கார்ந்து படித்தேன். ஆங்கிலப் பேப்பர்க்காரர் ஒருவர் ஒன்றரை நட்சத்திரம் கொடுத்திருந்தார், இன்னொருவர் நாலரை. ஒருவர் முதல் பாதி அருமை, இரண்டாம் பாதி இழுவை என்றார். இன்னொருவர் அதைத் திருப்பிப் போட்டுச் சொன்னார். யூடியூபில் ஒரு பையன் கதாநாயகிக்கு நடிப்பு வரவில்லை என்று கையை ஆட்டினான். ஒரு பெண் அவளுக்காகவே இரண்டு முறை பார்த்தேன் என்று கண்ணைத் துடைத்தாள். பாட்டு, சண்டை, கரும்புத் தோட்டம், எதிலும் ஒருத்தருக்கொருத்தர் ஒத்துப்போகவில்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே குரல்: கடைசியில் இரண்டு பேரும் செத்துப்போகிறார்கள். உலகத்து விமர்சகர்களிலேயே அவர்களுக்குக் கல்யாணம் பண்ணி வைத்தவன் நான் ஒருவன்தான்.

திங்கட்கிழமை காலைக்குள் ஆறாம் பக்கத்தைப் படம் எடுத்து யாரோ சுற்றுக்கு விட்டுவிட்டார்கள். என் கம்பெனி குழுவிலேயே வந்தது. பொண்ணு மாப்பிள்ளைக்கு மொய் எழுதினீங்களா சார் என்று லேத் பிரிவிலிருந்து ஒருத்தர் கேட்டார். அச்சகக்காரர் போன் செய்தபோது கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு வரியில் திருத்தம் கொடு, இனிமேல் டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பினால்தான் விமர்சனம், முடியாதென்றால் அந்த இடத்தில் ராசிபலன் போட்டுவிடுகிறேன் என்றார்.

நண்பனுக்கு அன்று மட்டும் பதினேழு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. தவறாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை அனுப்பியிருக்கலாம். அதுவும் இல்லை. அப்படியானால் தெரிந்தேதான் சொல்லியிருக்கிறான். வயிறு எரிந்தது. ஒரே தட்டில் சாப்பிட்டவன். என் கல்யாணத்தில் மணமேடைக்கு என்னைவிட முன்னால் ஏறி நின்றவன். அப்படிப்பட்டவன் என் கழுத்தை என் பேனாவாலேயே அறுத்துவிட்டானே என்று பஸ்ஸில், பாத்ரூமில், போல்ட் மேசையில் என்று எல்லா இடத்திலும் புலம்பினேன். ஐந்து வருடமாக ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தவன் நான் என்பது அந்தப் புலம்பலில் எங்குமே வரவில்லை. முப்பது வருட நட்பு இதோடு முடிந்தது, ஆனால் முடிப்பதற்கு முன்னால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு காட்சியாகச் சொல்லி அவனைக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டு ஆவடி தியேட்டருக்குப் போனேன். திரைக்கு அடியில் ஆங்கிலத்தில் வசனம் ஓடியது. என் முன்னால் உட்கார்ந்தவரின் தலை அதில் முக்கால்வாசியை மறைத்தது. முதல் பாதியில் ஒன்றும் புரியவில்லை. ஆனால் நான் எழுதியதெல்லாம் சரியாக இருந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு கதாநாயகன் ஒரு கடிதம் எழுதினான். அதைத் தன் நண்பனிடம் கொடுத்தான். அந்த நண்பன் படம் முழுக்கச் சிரிப்பு மூட்டிக்கொண்டு வந்தவன். கொஞ்சம் தொப்பை. எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டுவான். தியேட்டரில் அவன் வந்தாலே கைதட்டினார்கள். அவன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டு வாசலுக்குப் போனான். அவளுடைய அப்பா வெளியே வந்தார். ஏதோ கேட்டார். இவன் பல்லைக் காட்டினான். ஏதோ உளறினான். திரும்பி நடந்தான். கடிதம் பையிலேயே இருந்தது. கதாநாயகன் ஓடி வந்து கேட்டபோது, அவன் கண்ணைப் பார்க்காமல், ஒரே மூச்சில் ஒரு வாக்கியம் சொன்னான்.

எனக்கு இந்தி தெரியாது. முன்னால் இருந்த தலை நகரவும் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் என்னவென்று எனக்குத் தெரியும். அதை நான் ஏற்கனவே தமிழில் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு பழக்கம் இருந்தது. மாற்றலாகிப் போகிற குடும்பத்துக்கு வரிசையில் உள்ள எல்லா வீட்டிலிருந்தும் ரயிலுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்போம். அவர்கள் பதிலுக்குத் தங்கள் பூந்தொட்டிகளை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கான்பூர் குடும்பம் கிளம்பிய அன்று எங்கள் வீட்டுப் புளிசாதத்தை நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். அப்போது நாங்கள் பிளஸ் டூ. நண்பன் தானே இந்தியில் எழுதிய கடிதத்தை என்னிடம் கொடுத்திருந்தான். அவன் போனால் சந்தேகம் வரும். என்னைப் பார்த்தால் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வராது, எல்லோருக்கும் சிரிப்புதான் வரும். பொட்டலத்தை அவள் கையில் கொடுக்கும்போது கடிதத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் லாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்த அவள் அப்பா கையை நீட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். நான் பல்லைக் காட்டினேன். அவர் ஒரு ரோஜாத் தொட்டியை என் கையில் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். அவள் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் காத்திருந்தவன் கேட்டான். குடுத்துட்டேன், படிச்சிட்டு சிரிச்சா என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு எப்போதுமே முடிவை அலங்கரிக்கிற புத்தி உண்டு. ஊருக்குப் போனதும் எழுதறேன்னு சொன்னா என்றும் சேர்த்துக்கொண்டேன். மறுநாள் அம்மா என் சட்டையைத் துவைத்தபோது பையிலிருந்து கூழாக ஏதோ வந்தது என்று திட்டினாள். அவன் இரண்டு வருடம் போஸ்ட்மேன் வருகிற நேரத்துக்குக் குவார்ட்டர்ஸ் கேட்டில் நின்றான். அதை வைத்தும் நான் ஜோக் சொல்லியிருக்கிறேன்.

படம் முடியும்வரை உட்காரவில்லை. ரயிலேறி அண்ணனூரில் இறங்கினேன். ஷிப்டு முடிந்து அவன் வெளியே வந்தபோது மணி ஐந்தரை இருக்கும். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. இரண்டு டீ சொன்னான். இரண்டு வருட பாக்கி இருக்கிறவனுக்குக்கூட ஷெட் வாசலில் டீ வாங்கிக் கொடுப்பவன் அவன்.

எப்போது தெரியும் என்று கேட்டேன். மூன்று மாதம் ஆகிறது என்றான். பழைய குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் வைத்திருக்கிற வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பெண் சேர்ந்திருக்கிறாள். இப்போது போபாலில், கல்லூரி போகிற இரண்டு பிள்ளைகளோடு. நலம் விசாரித்துப் பேசும்போது, சும்மா விளையாட்டாக, அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறான். எந்தக் கடிதம் என்று கேட்டிருக்கிறாள். மூன்று மாதமும் இதை வைத்துக்கொண்டே வெள்ளிக்கிழமை தவறாமல் எனக்குப் போன் செய்திருக்கிறான்.

"நேர்ல கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கேட்டா ஜோக் அடிப்ப."

உண்மையில் ஒன்று வாய் நுனியில் வந்தும் விட்டது. டீயோடு சேர்த்து விழுங்கினேன். அன்றைக்குக் கொடுத்திருந்தாலும் என்ன நடந்திருக்கும், நாமெல்லாம் சின்னப் பிள்ளைகள் என்று வக்கீல் மாதிரி ஆரம்பித்தேன்.

"ஒண்ணும் நடந்திருக்காது" என்றான். "அவங்கப்பன் பாத்தா கிழிச்சிப் போட்டிருப்பான். அது அவங்கப்பன் கிழிச்சதா இருந்திருக்கும் மாமே. நான் அத பத்தி பேசல." டம்ளரைக் கீழே வைத்தான். "படிச்சிட்டு சிரிச்சான்னு சொன்ன. எழுதறேன்னு சொன்னான்னு சொன்ன. அதுக்கப்பறம் எழுதவே இல்லியேன்னு இத்தினி வருஷமா அவள திட்டிகினு இருந்தேன். ஏமாத்திட்டு பூட்டான்னு. ஒண்ணுமே பண்ணாதவள."

ஷெட்டுக்குள் ஒரு ரயில் மெதுவாக நுழைந்து நின்றது.

"ரெண்டு நாளு ஊரு சிரிச்சதுக்கே உனுக்கு இப்டி எரியுது இல்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நடந்தான்.

அன்று வீட்டுக்கு வந்து திருத்தம் எழுதினேன். இரண்டு வரி கேட்டிருந்தார்கள், ஆறு வரி எழுதினேன். அந்தப் படத்தில் காதலர்கள் சேரவில்லை. கடிதத்தை எடுத்துப் போனவன் கொடுக்காமல் கொடுத்ததாகப் பொய் சொன்னான். அந்தப் பொய்க்குப் பிறகு கடிதம் எழுதியவன் தவறானவரைக் குற்றம் சொல்ல வேண்டியதாயிற்று. இந்தப் பிழை முழுக்க இதை எழுதுகிறவனுடையது. ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரித்தபோது, மெத்தைக் கடை விளம்பரம் பெரிதாகிவிட்டதால், "சென்ற வார விமர்சனத்தில் நேர்ந்த பிழைக்கு வருந்துகிறோம்" என்று மட்டும் இருந்தது. என் நேர்மைக்கு அவ்வளவுதான் இடம். மாமியார் மட்டும் படித்துவிட்டு, எந்தப் பிழை, படம் எடுத்தவன் பிழையா என்று கேட்டனுப்பினார்.

இப்போது கம்பெனியில் கெஞ்சி வெள்ளிக்கிழமைக் காலை ஷிப்டை மாற்றிக்கொண்டிருக்கிறேன். டிக்கெட் வாங்கி, படம் எடுத்து அனுப்பி, படம் பார்த்து எழுதுகிறேன். பார்த்து எழுதுவது பார்க்காமல் எழுதுவதைவிட மோசமாக வருகிறது என்று அச்சகக்காரர் அபிப்பிராயப்படுகிறார். ஒவ்வொரு வெள்ளியும் பதினொன்றேகாலுக்கு, பாப்கார்ன் வரிசையில் நின்றபடி, நண்பனுக்குப் போன் செய்தேன். ஐந்து வாரம் எடுக்கவில்லை. ஆறாவது வாரம் எடுத்தான். ஹலோ சொல்லவில்லை. பின்னால் ஷெட்டின் இரைச்சல் கேட்டது. வார விடுமுறையை வேறு நாளுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறான் என்று புரிந்தது.

நேராக முதல் பாதியைச் சொன்னேன். டெல்லி, ஒரு டாக்டர், ஒரு பாட்டுக்காரி, இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மாமா. எனக்குப் புரிந்த அளவில். ஜோக் எதுவும் சேர்க்கவில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு, "இது நீ பாத்ததா?" என்றான்.

"பாத்தது."

"கடசீல சேர்றாங்களா?"

"இன்னும் பாதி கீது. தெரியல."

வைத்துவிட்டான்.

அது மகா மட்டமான படம். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். நான் கடைசியில் பெயர்கள் ஓடி முடிந்து, துடைப்பத்தோடு ஆள் உள்ளே வரும்வரை உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து போன் செய்தேன். எடுக்கவில்லை. ஒரு வரி தட்டி அனுப்பினேன்: சேரவில்லை, இரண்டு பேரும் வேறு வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள், கடைசிவரை பார்த்தேன்.

ஆவடி ஸ்டேஷன் வருவதற்குள் அந்த வரிக்குப் பக்கத்தில் இரண்டு நீல டிக்குகள் விழுந்துவிட்டன. போய்ச் சேர்ந்துவிட்டது. படித்தும்விட்டான். சிரித்தானா என்று எனக்குத் தெரியாது.